காற்றாடி எப்போது வந்தது?

கேள்வி: பி.எம்.டபிள்யூ காரின் சின்னத்தில் இருக்கும் நீலமும் வெள்ளையும் ஜெர்மனியின் பவேரியா மாநில நிறங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அது நீல வானத்தில் சுழலும் விமானக் காற்றாடி என்பது ஊருக்கே தெரியும். அந்த நிறுவனமே அப்படி விளம்பரம் செய்திருக்கிறது. திருத்தம் வெளியிடுவீர்களா?

பதில்: மாட்டோம். விளம்பரம் வந்தது உண்மைதான், ஆனால் அது எந்த வருஷம் வந்தது என்று பார்த்தீர்களா? 1929. சின்னம் பதிவானதோ 1917 அக்டோபரில். பன்னிரண்டு வருஷம் பிந்தி வந்த விளம்பரம் சின்னத்தின் பிறப்புக்கு எப்படிச் சாட்சியாகும்?

அந்த விளம்பரம் வந்த காரணத்தையும் பாருங்கள். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி விமான இன்ஜினை உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதை விற்க வேண்டும். விமானத்தின் முன்னால் சுழலும் காற்றாடிக்குள் தங்கள் சின்னத்தை வரைந்தார்கள். படம் பிரமாதமாக அமைந்துவிட்டது. 1942-இல் நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையே இதைச் சின்னம் பிறந்த கதையாக எழுத, அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? தொடக்கத்தில் அவர்கள் விமான இன்ஜின்தான் செய்தார்கள் என்பதால் கதை பொருந்தியும் போனது.

நடந்தது இதைவிடச் சுவையானது. ராப் என்ற இன்ஜின் நிறுவனம்தான் 1917-இல் பெயர் மாறி பி.எம்.டபிள்யூ ஆனது. ராப் சின்னத்தில் கறுப்பு வளையத்துக்குள் ஒரு குதிரைத் தலை, சதுரங்கக் குதிரை போல. வளையத்தை வைத்துக்கொண்டு குதிரையை எடுத்துவிட்டார்கள். புதிய பெயரின் முதல் எழுத்தே பவேரியாவைக் குறிப்பது, ஆகவே உள்ளே அதன் நிறங்களை வைக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் அரசுச் சின்னங்களை வணிக முத்திரையில் பயன்படுத்த அன்றைய சட்டம் தடை போட்டிருந்தது. அதனால் நிறங்களின் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். மரபுப்படி இடது மேல்மூலையில் வெள்ளை வர வேண்டும். சின்னத்தில் அங்கே நீலம் இருக்கிறது. காற்றாடிக் கதை இந்தத் தலைகீழ் வரிசைக்கு ஒரு விளக்கமும் தராது.

காற்றாடிக் கதையைச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நெடுங்காலம் அதை மறுக்காமல் விட்ட நிறுவனத்தின்மேல்தான் வருத்தம். சட்டத்துக்கும் ஊர்ப்பற்றுக்கும் நடுவே யாரோ யோசித்துக் கண்டுபிடித்த வழியை ஒரு விளம்பரப் படம் மூடி மறைத்துவிட்டது. இன்று அந்த நிறுவனமே நீலமும் வெள்ளையும் பவேரிய நிறங்கள் என்றுதான் சொல்கிறது.