எடை கூடினால் இடுப்பு வலிக்குமா? ரங்கூன் இயன்முறை மருத்துவர் பதில்கள்

ரங்கூன், மோல்மேன், பெகு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை வயது வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். இருபது வயதில் கேட்பவருக்கும் எழுபதை நெருங்குபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

எனக்கு 22 வயது. ஒரு வருடத்தில் எடை கூடிவிட்டது. வலி எதுவும் இல்லை. இப்போதே கவனிக்க வேண்டுமா அக்கா? (தாம்வே)

கவனி தங்கச்சி, இதுதான் சரியான வயது. பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களில் 23 வயதிலேயே உடல் பருமனோடு இருந்த பெண்களுக்கு, முப்பதுகளின் தொடக்கத்தில் புதிதாக முதுகு வலி வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகமாக இருந்தது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை. முதலில் வலி வந்து அதனால் எடை கூடியதா என்றும் பார்த்தார்கள். அதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு (கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 23-ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை தேவை. உன் உயரம் 155 சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய 55 கிலோதான் அந்த எல்லை.

என் அண்ணன் ஒல்லி. அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார், இடுப்பு வலியில் துடிக்கிறார். எனக்குத் தொப்பை உண்டு, வலி இல்லை. அப்படியானால் எடைக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்? (பெகு, 36 வயது)

எடை பல காரணங்களில் ஒன்று, தம்பி. குனிந்து 50 கிலோ மூட்டையைத் தூக்குகிறவருக்கு உடல் மெலிந்திருப்பது காப்பாகாது.

இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்பக்கம் நடுவில் சேர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்பு அங்கே இருக்கிறது. தொப்பை அந்த இடத்திற்கு முன்னால் தொங்கும் சுமை. உடல் முன்னால் சாயாமல் இருக்க, பின்பக்கத் தசைகள் நாள் முழுதும் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த அழுத்தம் முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை போன்ற தட்டுகளின் மேல் இறங்குகிறது. போதாததற்கு, வயிற்றுக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. உங்களுக்கு இன்று வலி இல்லை என்பது நல்ல செய்தி, அவ்வளவுதான். அண்ணனிடம், மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்கச் சொல்லுங்கள்.

தேநீர்க் கடை நடத்துகிறேன், 43 வயது. "எடையைக் குறைத்துவிட்டு வா" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். வலியோடு எப்படி நடப்பது, எப்படிக் குறைப்பது? (மோல்மேன்)

இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது அம்மா. என்னிடம் வரும் பெண்கள் பலர் எடைக் கருவியில் ஏறுவதற்கு முன்பே தலைகுனிந்துவிடுகிறார்கள். எடை குறையும் வரை வலிக்குச் சிகிச்சை இல்லை என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம்.

முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். வலி கொஞ்சம் இருந்தாலும் நடங்கள். வலி காலில் கீழ்நோக்கிப் பாய்ந்து கூடிக்கொண்டே போனால் மட்டும் நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். மெல்ல மெல்ல வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரத்திற்கு வாருங்கள். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து நடத்திய சோதனை 2024-இல் வெளிவந்தது. நடைப்பயிற்சியும் வழிகாட்டலும் பெற்றவர்களுக்கு வலி திரும்பிவர இடைநிலையாக (அதாவது பாதிப் பேருக்கு அதற்குள்) 208 நாள் ஆயிற்று. பெறாதவர்களுக்கு 112 நாள்தான். அது எடை குறைந்ததால் கிடைத்த பலன் என்று யாரும் சொல்லவில்லை. நடைப்பயிற்சியும் வழிகாட்டலும் சேர்ந்து தந்த பலன் அது.

கடையில் உட்காரும் அந்தத் தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலியை மாற்றுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே போகிறது, முதுகு வில்லாக வளைகிறது, எழும்போது மொத்த உடலையும் அந்த வளைந்த முதுகோடு தூக்குகிறீர்கள். டின் பால் தேநீரை ருசி பார்க்கும் சாக்கில் எத்தனை கோப்பை உள்ளே போகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். கறியின் மேல் மிதக்கும் எண்ணெயைச் சோற்றில் ஊற்றாமல் ஒதுக்குங்கள். முதல் இலக்கு மூன்று வீசை, நம் சந்தைக் கணக்கில் ஏறக்குறைய ஐந்து கிலோ. அதற்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு பெல்ட்? படுத்தே ஓய்வு?

நாள்கணக்கில் படுத்திருப்பது வேண்டாம், தசை தளர்ந்துவிடும். பெல்ட்டை எப்போதும் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

அப்பாவுக்கு 68 வயது. மூன்று மாதமாக முதுகு வலி. உணவைக் குறைக்காமலே எடை இறங்குகிறது. எடை குறைந்தால் வலியும் போய்விடும் என்று காத்திருக்கிறோம். (ரங்கூன்)

காத்திருக்காதீர்கள். முயலாமல் குறையும் எடையும் முதுகு வலியும் சேர்ந்து வந்தால், அது நல்ல அறிகுறி அல்ல. உலகில் காசநோய்ச் சுமை அதிகமுள்ள நாடுகளில் மியன்மாரும் ஒன்று. அந்த நோய் முதுகெலும்பையும் தாக்கும். புற்றுநோயும் இப்படித் தொடங்கக்கூடும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, படுத்தாலும் தணியாத வலி உண்டா என்று அப்பாவிடம் கேட்டு, இந்த வாரமே மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.