பரிவு நரம்பு செல்: அம்புக்குறி வரிசை போதுமா?

கேட்டது இது: பரிவு (சிம்பதெடிக்) நரம்பு செல் உருவாவதை, மரபணுக்களை இயக்கும் புரதங்களான மேஷ்1, ஃபாக்ஸ்2பி, ஹேண்ட்2, காட்டா3, கடைசியில் நோரட்ரினலின் தயாரிக்கத் தேவையான நொதி டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்று அம்புக்குறி போட்டுப் படித்தால் போதுமா? காட்டா3 நாக்அவுட் (அந்த மரபணுவை நீக்கிய) எலிக்கரு 11-ஆம் நாள் வாக்கிலேயே செத்துப்போகிறதே, அதற்குப் பின் எப்படிப் பார்ப்பது?

தேர்வுக்குப் போதும், ஆய்வக மேசைக்குப் போதாது. முதுகுப்புறப் பெருந்தமனியிலிருந்து வரும் பி.எம்.பி. என்ற புரதச் சமிக்ஞை, அருகே வந்து சேரும் நரம்பு முகடு செல்களில் (பரிவு நரம்பு செல்களின் மூதாதைகளில்) மேஷ்1-ஐயும் ஃபாக்ஸ்2பி-யையும் தனித்தனியாகவே கிளப்புகிறது. ஃபாக்ஸ்2பி இல்லாத கருவிலும் மேஷ்1 தலைகாட்டும், ஆனால் நிலைக்காது. மேஷ்1 இல்லாவிட்டாலும் ஃபாக்ஸ்2பி வரும். ஹேண்ட்2-வும் காட்டா3-யும் மட்டும் ஃபாக்ஸ்2பி இல்லாமல் வருவதில்லை. (கோழிக் கருவில் காட்டா2 அல்லவா என்று யாராவது கிளம்புவார்கள். தெரியும். இங்கே பேச்சு சுண்டெலியைப் பற்றி.)

இனி சாவு விஷயம். கரு சாவதற்குக் காரணம் நோரட்ரினலின் பற்றாக்குறை. எனவே கர்ப்பிணி எலியின் குடிநீரில் 8.5-ஆம் நாளிலிருந்தே நோரட்ரினலினின் வேலையைச் செய்யும் ஐசோப்ரோட்டரினால், ஃபினைல்எஃப்ரின் இரண்டையும் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் வீதம் கலந்து கொடுங்கள். கூடவே அஸ்கார்பிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம். அது இல்லாவிட்டால் ஐசோப்ரோட்டரினால் ஆக்சிஜனேற்றமாகித் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். பாட்டிலில் அலுமினியத் தாள் சுற்றுங்கள், நிறம் மாறினால் கொட்டிவிடுங்கள். ஹேண்ட்2-வை நரம்பு முகட்டில் மட்டும் நீக்கிய கருவுக்கும் இதே வழிதான். உடல் முழுக்க நீக்கினால் இதயமே சரியாக உருவாகாது, மருந்து காப்பாற்றாது.

பலரும் சறுக்குவது நாள் கணக்கில். பிளக் (இணைசேர்ந்ததற்கு அடையாளமான யோனி அடைப்பு) கண்ட நாளின் நண்பகல் 0.5-ஆம் நாள். ஆனால் ஒரே ஈற்றுக் கருக்களிலேயே அரை நாள் முன்பின் இருக்கும். சோமைட் (கருவின் முதுகில் வரிசையாக உருவாகும் திசுக்கட்டி) எண்ணி, எண்ணிக்கை ஒத்த கருக்களை மட்டும் ஒப்பிடுங்கள். 10.5-இல் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் காணோம் என்றால் 'இல்லை' என்று எழுதிவிடாதீர்கள், தாமதமாக இருக்கலாம், 13.5-இலும் பாருங்கள். மேஷ்1 நாக்அவுட்டில் நடப்பது பெரும்பாலும் தாமதம்தான்.

கருவின் அடுத்த மெல்லிய வெட்டில் பொதுவான நரம்பு அடையாளப் புரதம் ஒன்றுக்கும் சாயமேற்றுங்கள். அது இருந்து டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் மட்டும் போனால் செல் இருக்கிறது, அடையாளம்தான் தொலைந்தது. இரண்டும் போனால் செல் சாவைக் காட்டும், செயலூக்கம் பெற்ற காஸ்பேஸ்3 பார்த்து, செல் செத்ததா, பிறக்கவே இல்லையா என்று பிரியுங்கள்.

இன்னொரு எரிச்சல்: மேஷ்1-க்கு இப்போது ஏஎஸ்சிஎல்1 என்று பெயர், டிஹேண்ட் என்று பழைய கட்டுரைகளில் இருப்பது ஹேண்ட்2. புதுப் பெயரில் மட்டும் தேடினால் தொண்ணூறுகளின் அடிப்படை வேலை பாதி கண்ணில் படாது.