கேள்வி - பதில்: பெயர் சொல்லாத வட்டாரங்கள்

கேள்வி: 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்' என்று யார் பெயரும் சொல்லாமல் செய்தி போடுகிறார்களே, இது நேர்மையா?

பதில்: பேசினால் வேலையோ உயிரோ போகும் என்ற நிலையில் இருப்பவரின் பெயரை மறைப்பது கடமை. ஆனால் வாசகரிடம் மறைப்பது வேறு, ஆசிரியரிடமே மறைப்பது வேறு. 1980-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் நிருபர் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான 8 வயதுச் சிறுவனைப் பற்றி, கையில் உள்ள ஊசித் தழும்புகள் வரை வர்ணித்து எழுதினார். ரகசியம் காக்க வேண்டும் என்றதால் பையன் யார் என்று மேலே இருந்த ஆசிரியர்கள் யாரும் துருவவில்லை, போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசே வந்துவிட்டது. அப்புறம்தான் எல்லாம் கற்பனை என்று தெரிந்து, பரிசு திரும்பிப் போனது. ஆசிரியராவது பெயரைக் கேட்டு, இன்னொரு இடத்திலும் விசாரித்துவிட வேண்டும். எதிராளியைத் திட்டுவதற்காக மட்டும் முகத்தை மறைத்துக்கொள்பவர்களை (இவர்கள்தான் அதிகம்!) வாசலோடு அனுப்பிவிடலாம்.