உயிலுக்கு மருமகள் சாட்சி போடலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுக்குக் களக்காடு பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரருக்கு 68 வயது, போன மாதம் நெஞ்சுவலி வந்து பிழைத்து எழுந்தார். மூத்தவன் பம்பாயில் இருக்கிறான், மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், இளையவன்தான் எங்களோடு இருந்து வாழை போடுகிறான். வீடு எனக்கு, வயல் இளையவனுக்கு, பேங்க் பணம் மற்ற இரண்டு பேருக்கும் என்று 20 ரூபாய் பத்திரத்தில் உயில் எழுதியாயிற்று. அவர் சொல்லச் சொல்ல எழுதினது இளையவன். சாட்சிக் கையெழுத்து அவனும் மருமகளும். பதிவு பண்ணவில்லை. இது செல்லுமா?

பதில்: அம்மா, இதைச் செல்லாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது, ஆனால் நாளைக்கு மூத்தவரோ மகளோ கோர்ட்டுக்குப் போனால் இந்தக் காகிதம் நிற்பது ரொம்பக் கஷ்டம். நீங்கள் கவலைப்படுகிற பதிவும் பத்திரத்தாளும் இங்கே பிரச்சினையே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும், பதிவும் கட்டாயம் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த இரண்டு சாட்சிகள்தான்.

1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-வது பிரிவு, இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதைக் குறைந்தது இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், அப்புறம் அவர் கண்முன்னே அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. அவர் காலத்துக்குப் பிறகு வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கிற சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி "அவர் நல்ல நினைவோடு, யாரும் வற்புறுத்தாமல் போட்டார், நான் பார்த்தேன்" என்று சொன்னால்தான் உயிலை நிரூபிக்க முடியும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதிதான். சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதே, இனி யார் என்ன செய்ய முடியும் என்று நம்பிக்கொண்டு இருந்தவர்கள் சாட்சிக்கு ஆள் இல்லாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தில் சாட்சி இரண்டு பேருமே எழுதியவரைவிட மூத்தவர்கள், மூன்று பேரும் போன பிறகுதான் பெட்டியிலிருந்து உயில் வெளியே வந்தது, கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடியே வருஷங்கள் ஓடின.

இப்போது உங்கள் வீட்டு விஷயம். வயல் போகப்போவது இளையவருக்கு, எழுதினதும் அவர், சாட்சியும் அவரும் அவர் மனைவியும். அவர் மனசில் ஒரு கள்ளமும் இல்லாமல் இருக்கலாம், இருந்தும் ஆதாயம் அடைகிறவரே முன்னால் நின்று உயில் தயார் பண்ணினால் அதைச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாகத்தான் கோர்ட்டு பார்க்கும், 1959-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பாரம் முழுக்க அவர் தலையில்தான் விழும். கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு நாமே இப்படி ஒரு சுமையைக் கட்டிவிடலாமா?

அதனால் புதிதாக எழுதுங்கள், "இதற்கு முன் எழுதிய உயிலை ரத்து செய்கிறேன்" என்று முதலிலேயே ஒரு வரி வரட்டும். பத்திர எழுத்தரோ வக்கீலோ எழுதட்டும், அந்த நேரத்தில் இளையவர் அறையில் இருக்க வேண்டாம். சாட்சிக்குச் சொத்தில் ஒரு பங்கும் இல்லாத, உங்கள் வீட்டுக்காரரைவிட வயது குறைந்த, ஊரிலேயே இருக்கிற இரண்டு பேரைப் பிடியுங்கள், அவர் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன், பக்கத்து வயல்காரர், யாராக இருந்தாலும் கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வருகிறவராக இருக்க வேண்டும். நெஞ்சுவலி வந்து போயிருப்பதால், வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் அதே நாளில் "தெளிவான மனநிலையில் இருக்கிறார்" என்று ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் பின்னால் ரொம்பக் கைகொடுக்கும்.

வயலைப் பற்றி நீங்கள் ஒன்று சொல்லவில்லை. அது அவர் சம்பாதித்து வாங்கியதா, பாட்டன் வழி பாகப்பிரிவினையில் வந்ததா? குடும்பப் பாகத்தில் வந்த பூர்வீகம் என்றால் அவர் தன்னுடைய பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும், அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. மகளுக்கும் உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ல் வந்த திருத்தமும் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை உறுதி பண்ணிவிட்டன. வயல் எப்படி வந்தது என்று காட்டுகிற பழைய தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் இன்னமும் இத்தனை மரக்கால் விதைப்பாடு என்று பேசுகிறோம், உயிலில் அது போதாது, பட்டாவில் உள்ளபடி சர்வே எண், உட்பிரிவு, ஏர்ஸ் கணக்கில் பரப்பளவு, நாலு எல்லை எல்லாம் வர வேண்டும்.

உங்களுக்கு எழுதுகிற வீட்டையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். "ஆயுள்வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகளுக்கு" என்று அரைகுறையாக எழுதிவிட்டு, விற்கிற உரிமை அம்மாவுக்கு உண்டா இல்லையா என்று காலமெல்லாம் வழக்காடுகிறார்கள். உங்களுக்கு முழு உரிமை என்றால் அப்படியே எழுதட்டும், கூச்சப்பட வேண்டாம் அம்மா.

பதிவு பண்ணினால் நல்லதுதான், காகிதம் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். அவர் இருக்கும்வரை அந்த நகலை அவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர யாரும் வாங்க முடியாது, அதனால் மூத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம்.

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றிக் கட்டிய வீடு. கணவர் இல்லை. மகன் "உயில் வேண்டாம், செட்டில்மென்ட் எழுதிக்கொடு" என்கிறான். எதை எழுத?

பதில்: உயில்தான் தாயீ. உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், உங்கள் காலம்வரை வீடு உங்களுடையது. செட்டில்மென்ட் என்பது நீங்கள் இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவது, அது பதிவானால் அன்றைக்கே உரிமை மகனுக்குப் போய்விடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. கட்டாயம் எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து" என்ற நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். உங்களுக்கு 60 வயது நிறைந்திருந்து அவர் பார்க்காமல் விட்டால், 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவைச் சொல்லி ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், மனு கொடுக்கலாம்.

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன், கிறிஸ்தவன். முதல் மனைவி இறந்த பிறகு பிள்ளைகள் பேரில் உயில் எழுதினேன். போன வருஷம் மறுமணம். அந்த உயில் இருக்கிறதா?

பதில்: இல்லை. கிறிஸ்தவர்களுக்குத் திருமணம் ஆன உடனே அதற்கு முன் எழுதிய உயில் தானாக ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி இல்லை, அதனால்தான் இது பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளுக்கும் புது மனைவிக்கும் எது எது என்று இந்த வாரமே உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள், சாட்சி பற்றி மேலே களக்காட்டு அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்கும்தான். உங்களுக்கு இன்னும் கறார், சாட்சி போடுகிறவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பங்கு அவருக்குக் கிடைக்காது.