'ஐ ஓ யூ ஒன்' என்றால் என்ன பதில் சொல்வது?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் மான்செஸ்டரில் இருக்கிறார். போன வாரம் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து அவருடைய ரிப்போர்ட் ஒன்றைச் சரிசெய்து அனுப்பினேன். 'சியர்ஸ், ஐ ஓ யூ ஒன்' என்று, அதாவது 'உங்களுக்கு ஓர் உதவி கடன்பட்டிருக்கிறேன்' என்று எழுதினார். 'மென்ஷன் நாட் சார்' என்று பதில் போட்டேன். பக்கத்து சீட் தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இதில் என்ன தப்பு? நிஜமாகவே அவர் எனக்கு ஏதாவது செய்வாரா, சும்மா சொல்வதா? தொட்டதற்கெல்லாம் தேங்க்ஸ் சொல்கிறவர்களின் நன்றிக்கு என்ன மதிப்பு?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தப்பு ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும் 'டோன்ட் மென்ஷன் இட்' என்பதைத்தான் நாம் 'மென்ஷன் நாட்' ஆக்கி, 'தேங்க் யூ'வுக்கு ஜோடியாகப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துகொண்டோம். அவருக்கு அர்த்தம் புரிந்திருக்கும், கொஞ்சம் விநோதமாகப் பட்டிருக்கும், அவ்வளவுதான். இனிமேல் 'நோ வொரீஸ்' என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியாக்காரர்களின் பேச்சு, இப்போது இங்கிலாந்திலும் சகஜம். அந்த 'சார்' வேண்டாம். 'தேங்க்ஸ்' என்பதையே தோழமையாகச் 'சியர்ஸ்' என்று போடுகிறவருக்கு 'சார்' போட்டால் அவர்தான் நெளிவார்.

தொட்டதற்கெல்லாம் தேங்க்ஸ் என்கிறீர்கள். பிரிஸ்டல் நகரத்தில் பேருந்தைவிட்டு இறங்கும்போது ஓட்டுநரிடம் 'சியர்ஸ் டிரைவ்' என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். கடை, பேருந்து, அலுவலக மின்னஞ்சல் எல்லாவற்றிலும் இப்படித்தான். ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. எட்டு மொழிகளில் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடக்கும் சாதாரணப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 'அந்த உப்பை எடு' என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் எடுத்துக் கொடுக்கிற மாதிரியான தருணங்கள்தான் கணக்கில் வந்தவை. மொத்தத்தில் இருபதுக்கு ஒரு தடவை கிட்டத்தட்ட நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. எட்டில் ஆங்கிலத்தில்தான் அதிகம், அதுவே ஏழுக்கு ஒன்று. ஈக்வடாரில் பேசப்படும் சாபாலா மொழியில் ஒரு தடவைகூட இல்லை. ஆக, சொந்த மனிதர்களிடம் அவர்களும் நம்மைப்போல வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள்தான். உங்கள் வாடிக்கையாளர் 'சியர்ஸ்' என்றது பேருந்து ஓட்டுநருக்குச் சொல்கிற ரகம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பொய் என்றும் நினைக்க வேண்டாம்.

'ஐ ஓ யூ ஒன்' அந்த ரகமில்லை. அதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பப்பில், அதாவது மதுக்கடையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு ஆள் தனித்தனியாக வாங்குவதில்லை. ஒருவர் எழுந்து போய் ஐந்து பேருக்கும் வாங்கி வருவார். அது காலியானதும் அடுத்தவர். இதற்கு 'ரவுண்ட்' என்று பெயர். தன் முறை வரும் நேரம் பார்த்துக் கழிப்பறைக்கு நழுவுகிற ஆளை நண்பர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். யாரும் எழுதிவைப்பதில்லை, ஆனால் நம்மூர் மொய் நோட்டின் கறார் அதில் இருக்கிறது. முதல் உலகப்போர் சமயத்தில் இது அரசாங்கத்துக்கே தலைவலியானது. ஐந்து பேர் போனால் மரியாதைக்காகவாவது ஆளுக்கு ஐந்து கோப்பை உள்ளே போகுமே, மறுநாள் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை என்னாவது? 1915 அக்டோபரில் லண்டனில் அடுத்தவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே தடைசெய்துவிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்து வாங்கிக் கொடுத்தால் மட்டும் விலக்கு.

உங்கள் வாடிக்கையாளர் சொன்னதிலும் அந்த ரவுண்டின் நியாயம்தான் இருக்கிறது. முறை இப்போது அவருடையது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். அதற்காக நாளைக்கே எதையாவது அனுப்பிவைப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள், அநேகமாகக் கிடைக்கும். கேட்கும்போது 'யூ ஓ மீ ஒன்' என்று மட்டும் ஞாபகப்படுத்திவிடாதீர்கள். நெருங்கிய நண்பர்கள் கிண்டலாகச் சொல்லிக்கொள்ளலாம், மற்றபடி கடன்பட்டவர் வாயிலிருந்து வந்தால்தான் அது அழகு. 'ஐ ஓ யூ அ பைன்ட்' (உங்களுக்கு ஒரு கோப்பை பியர் கடன்) என்றிருந்தால் விஷயம் இன்னும் சுலபம். நேரில் பார்க்கும்போது பெரும்பாலும் வாங்கியே தருவார்கள். குடிக்கிற பழக்கம் இல்லையென்றால் காபி கேளுங்கள், கணக்கு நேராகிவிடும்.

சில இடங்களில் உஷார் தேவை. 'ரொம்ப நன்றி' என்பதுபோலத் தெரியும் 'தேங்க்ஸ் அ பஞ்ச்' (thanks a bunch) என்றால் பெரும்பாலும் எரிச்சலில் இருக்கிறார் என்று பொருள். பிரிட்டிஷ்காரர் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு 'டூ மீ அ ஃபேவர்!' என்று பட்டென்று சொன்னால் அவர் உதவி கேட்கவில்லை, 'அட போம்மா, யாரிடம் கதைவிடுகிறாய்' என்கிறார். போன ஆட்டத்தில் தோற்ற கால்பந்து அணி இந்த ஆட்டத்தில் 'ரிட்டர்ன் த ஃபேவர்' (பதில் உதவி) செய்தது என்று செய்தி வந்தால், பழிதீர்த்துவிட்டது.

அப்புறம், மின்னஞ்சலின் கடைசியில் வருகிற 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்'. ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலருக்கு இது பிடிப்பதில்லை. நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டால் எப்படி மறுப்பது? மான்செஸ்டரிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒன்று வந்தால், முதலில் எத்தனை மணி நேர வேலை என்று கேட்டுவிடுங்கள்.