காலமான பி.எச்.ஐ ஐயாவுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். அதில் என்ன எழுதலாம், யாரைப் பேசக் கூப்பிடலாம்?

உங்கள் ஊரில் நெடுங்காலம் வேலைசெய்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) காலமாகிவிட்டார், அவருடைய 31ஆம் நாள் நினைவுக்கு இளைஞர் கழகம் மலர் வெளியிட்டு ஒரு கூட்டமும் வைக்கப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்புப் பக்கம் என்றுதான் நினைக்கிறேன். வயதும் முப்பதுக்குள் இருக்கும். அப்படியென்றால் மலேரியாவில் ஒரு வீடே படுத்துக் கிடப்பதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். மலரை அங்கேயிருந்து தொடங்குங்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அரச மருத்துவிச்சியாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் பி.எச்.ஐ ஐயாவின் செத்தவீட்டில் பேசியவர்கள் எல்லோரும் "அன்பானவர், பண்பானவர், எந்நேரமும் சிரித்த முகம்" என்றே பேசிவிட்டுப் போனார்கள். அவர் சிரிக்கிற மனிதரே இல்லை. அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது இன்றும் எனக்கு ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மழை விட்டு ஆறு வற்றும்போது அங்கங்கே தெளிந்த தண்ணீர் குழிகளாய்த் தேங்கி நிற்கும். மலேரியா நுளம்பு அதில்தான் முட்டையிடும். அப்புறம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சாக்கும் சேலையும் போட்டு மூடினாலும் குலைப்பன் நடுக்கத்தில் கட்டில் ஆடும். எங்கள் ஐயா சைக்கிளில் வந்து, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். நுளம்புக்கு மருந்தடிக்கிற ஆட்களைக் கண்டு சனம் கதவைப் பூட்டினால், அவரே உள்ளே போய் நெல் மூட்டையையும் சட்டி பானையையும் தூக்கி வெளியே வைப்பார். 1963இல் முழு இலங்கையிலும் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். முடிந்தது என்று கையை விட்டார்கள், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையை ஐயா சொல்லுவார். 2012க்குப் பிறகு மூன்று வருசத்துக்கு மேல் உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. கொழும்பில் விழா நடந்தபோது, இங்கே சைக்கிள் மிதித்தவர்களை யார் நினைத்தார்கள்?

இன்னொன்று, தடுப்பூசி மருந்தைக் குளிராக வைத்துக் கொண்டுபோகும் பெட்டி. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்தான். அதற்கு முன் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றுகிற மிதவையில், ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். யுத்த காலத்தில் ஒரு கரையில் இராணுவம், மறு கரையில் புலிகள் இயக்கம். போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாளுக்கென்று இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திய காலமும் உண்டு. சாதாரண கிளினிக் நாளில் அந்தச் சலுகை இல்லை. ஒருநாள் சென்ட்ரியில் நின்ற சிப்பாய், பெட்டியில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து வைக்கச் சொன்னான். நல்ல உச்சி வெயில். ஐயா குடையை விரித்து என் கையில் தந்தார். "புள்ள, நிழல் விலகாமப் பிடி" என்றார். மூடியை ஒரு விரற்கடை மட்டும் திறந்து, உள்ளே கிடந்த வெப்பமானியைக் காட்டி, இந்த முள் எட்டு டிகிரிக்கு மேல் போனால் இவ்வளவு மருந்தும் வீண் என்று சிங்களத்தில் விளக்கினார். அந்தப் பொடியன் குனிந்து முள்ளைப் பார்த்தான், பிறகு ஐயாவின் முகத்தைப் பார்த்தான், போகச் சொன்னான். அடுத்த முறை அதே சிப்பாய் வரிசையை விலக்கி எங்கள் பெட்டியை முதலில் விட்டான்.

சுனாமி நேரம் அவரைக் கடற்கரையோரம் இருக்கிற கல்லடிப் பக்கம் அனுப்பினார்கள். பாடசாலை முகாம்களில் மலசலகூடக் குழி எங்கே வெட்டுவது, கிணற்றுக்குக் குளோரின் எவ்வளவு போடுவது, இதுதான் வேலை. உப்புப் போகட்டும் என்று சனம் மோட்டரைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைத்தது. "இறைக்க இறைக்க உப்புத் தண்ணி கீழால ஏறும், மழைக்கு விடுங்க" என்று ஒவ்வொரு வளவிலும் நின்று கெஞ்சினார். முகாம்கள் அப்படி நெருக்கியடித்துக் கிடந்தும் பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்?

வைத்தியர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் பிள்ளையைக் காப்பாற்றியது ஒரு வைத்தியர்தான். அவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை என்பதே என் கவலை. உங்கள் ஐயாவைத் திட்டுகிற கடைக்காரர்களும் ஊரில் இருப்பார்கள். எங்களவரும் ஒரு சாப்பாட்டுக் கடையை வழக்குப் போட்டு மூடவைத்தவர், அதற்காக உறவுக்காரரே அவரோடு கதைக்காமல் விட்டார்கள். அதையும் மலரில் எழுதுங்கள். கண்டிப்பை மறைத்துவிட்டு அந்த உத்தியோகத்தைப் பற்றி எழுத முடியாது.

இனிச் சொல்வது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாதது. எங்கள் ஐயா போன பிறகு அவருடைய ஓய்வூதியம் பற்றி அவர் மனைவிக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். 1987இலேயே 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதிவிட்டார்கள். அந்த மனுசி கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடித் தெருத்தெருவாகத் திரிந்தார். வாழ்நாள் முழுக்க அரசாங்கத்துக்கு உழைத்தவரின் வீட்டுக்கு ஒரு தமிழ்க் கடிதம் அனுப்ப முடியாதா? இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசியல்வாதிகளின் அனுதாபச் செய்தியும் படமுமாக மலரை நிரப்பாதீர்கள். பொன்னாடை, பதாகைக் காசை மிச்சம்பிடித்து இன்னும் நாலு பக்கம் கூட அடிக்கலாம். அவரோடு திரிந்த மருத்துவிச்சி, மருந்தடித்த தொழிலாளி, பாதை ஓட்டினவர், பாடசாலையில் ஊசி போடும்போது அழுத பிள்ளைகள் என்று ஆட்களைத் தேடிப் போங்கள். வயதானவர்கள் மேடையில் கதைக்கக் கூச்சப்படுவார்கள், வீட்டுக்குப் போய் போனில் பதிந்து எழுதுங்கள். குறித்துக் கேளுங்கள்: எந்தக் கிணறு, எந்த வருசம், என்ன காய்ச்சல்.

எல்லாவற்றுக்கும் முதல் அவர் வீட்டுக்குப் போய் டயரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எச்.ஐமார் அன்றன்றைய வேலையை எழுதி வைப்பார்கள். எங்கள் ஐயாவுடைய டயரிகள் வீடு துப்புரவாக்கும்போது பழைய பேப்பரோடு போய்விட்டன. 31 முடிந்த கையோடு உங்கள் ஐயாவின் வீட்டிலும் அலுமாரியை ஒதுக்குவார்கள், அதனால் இந்தக் கிழமைக்குள்ளேயே போங்கள்.