ஊரில் குடித்த பீர் எல்லாம் ஒரே கசப்பு. நாலு பேர் கூடி ருசித்துப் பேச அதில் என்ன இருக்கிறது?

கேள்வி: "அடுத்த மாதம் அலுவலக வேலையாக பெல்ஜியம் போகிறேன். அங்கே கிராஃப்ட் பீர் ரசிகர்கள் கூடி உட்கார்ந்து, ஒரு பாட்டிலைப் பங்கிட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்களாமே. சென்னையில் நான் குடித்த பீர் எல்லாம் ஒரே கசப்பு. அப்படிப் பேச என்ன இருக்கிறது? எங்கே தொடங்கலாம்?"

பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் எனக்கும் பீர் என்றால் கசப்பும் குளிர்ச்சியும்தான். ஊரில் கிடைப்பதில் பெரும்பகுதி லாகர் வகை. நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிரவைத்துக் கொடுப்பார்கள். ருசி தெரிவதற்குள் தொண்டையில் இறங்கிவிடும். அதனால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் இங்கே கசப்பு என்பது பீரின் ஒரு ஓரம் மட்டுமே. புளிக்கிற பீர் உண்டு, துவர்க்கிற பீர் உண்டு, கருப்பட்டிப் பாகை நினைவூட்டுவதும் உண்டு. சிறு கூடங்களில் பக்குவம் பார்த்துக் காய்ச்சுவதற்கு 'கிராஃப்ட் பீர்' என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதற்கு வழி காட்டியது ஒரு சின்னக் கூட்டம். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டு அடுக்களையில் ஆறேழு பேர் கூடுவோம். என்னை அங்கே கூட்டிப்போனவர் மதுரைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். பெயர் தெரியாதபடி துணியில் சுற்றித்தான் ஊற்றுவார்கள். ஒருவருக்கு நூறு மில்லிக்கு மேல் கிடையாது. குடித்ததும் மனதில் தோன்றியதை ஒரு சீட்டில் எழுத வேண்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகே வாய் திறக்கலாம்.

முதல் நாள் என் சீட்டில் ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் எழுதியவை எல்லாம் நான் முகர்ந்தே பார்த்திராத பொருட்கள்: இங்கத்திய நெல்லி, ருபார்ப் தண்டு, குதிரை மேல் போர்த்தும் கம்பளி. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அவுங்க சொல்ற வாசத்தத் தேடாதீங்க. நம்ம வீட்ல இது எங்க அடிச்சிருக்குன்னு யோசிங்க" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தேன். விளாம்பழம். ஓட்டை உடைத்த அந்த நொடியில் மூக்கில் ஏறுமே, அதே வாசம். அது அடங்கியதும் அடியில் நீராகாரத்தின் புளிப்பு. விளாம்பழம் என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கவே பத்து நிமிடம் ஆனது. ஆசிரியர் தன் நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொல்லை டச்சு எழுத்துக்கூட்டலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு எல்லோரும் கோப்பையை மறுபடி முகர்ந்தார்கள். அழுகும் பழமும் தோலும் சேர்ந்த வாசம் ஒன்று உள்ளே இருப்பதாக, அதுவரை அதை எழுதாதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன கம்பளியும் அப்போதுதான் என் மூக்குக்குப் பிடிபட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்: என் மூக்கு தவறவிட்டதை இன்னொருவர் சொல் எடுத்துக் கொடுக்கிறது. வருடக்கணக்கில் தனியாகக் குடித்திருந்தாலும் அந்தக் கம்பளி எனக்குக் கிடைத்திருக்காது.

துணியை விலக்கினால் உள்ளே இருந்தது கூஸ் என்ற பீர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

பிரஸ்ஸல்ஸ் நகரிலும் அதற்குத் தென்மேற்கே பாயோட்டன்லாந்து என்ற பகுதியிலும் லாம்பிக் என்றொரு பீர் காய்ச்சுகிறார்கள். முளைகட்டிய பார்லியோடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமை. பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவும் உண்டு, ஆனால் இரண்டு மூன்று வருடம் கிடந்து பழசானது. கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும். நீங்கள் சொன்ன கசப்பை வேண்டுமென்றே விலக்கி வைத்த பீர் இது. நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டை இதில் யாரும் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றை மாடியில் ஒரு பெரிய, ஆழமில்லாத தொட்டியில் பரப்பி, இரவு முழுவதும் திறந்தே விட்டுவிடுவார்கள். அந்தத் தொட்டிக்கு டச்சு மொழியில் 'குளிர்க்கப்பல்' என்று பெயர். காற்றிலும் கூரையிலும் பழைய மரத்திலும் இருக்கிற நுண்ணுயிர்கள் அதில் இறங்கும். மறுநாள் மரப்பீப்பாய்க்குப் போனால் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் அங்கேயே கிடக்கும். இப்படி மூன்று வெவ்வேறு வயதுச் சரக்குகளையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் அதுதான் கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரையைத் தரும். ஷாம்பெயின் போலத் தக்கை போட்டு அடைப்பது அதனால்தான்.

பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் கான்டியோன் என்ற லாம்பிக் கூடம் இருக்கிறது. 1900-ல் தொடங்கிய குடும்பத் தொழில், இன்றும் அதே இடத்தில், அருங்காட்சியகமாகவும் திறந்திருக்கிறது. பொதுமக்களை உள்ளே விட்டுக் காய்ச்சிக் காட்டும் நாட்களும் உண்டு. அப்படி ஒரு குளிர்கால விடியலில் நாங்கள் ஐந்து பேர் போனோம். வெளியே இருட்டு, உள்ளே கூழ் காய்ச்சும் வாசம். பீப்பாய்களுக்கு இடையே சிலந்தி வலைகளைக் கலைக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும், மருந்து அடித்தால் காற்றில் இருப்பதும் கெட்டுவிடும் என்பது அவர்கள் கணக்கு. மாடியில் செம்புத் தொட்டியைப் பார்த்தபோது ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், கோயிலுக்குள் பேசுவது போல.

குளிர் இல்லாவிட்டால் இந்த வேலை நடக்காது. இரவு வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். ஆகவே அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களில்தான் காய்ச்சுகிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் குளிரவே இல்லை என்று கான்டியோன் காய்ச்சுவதை நிறுத்தி வைத்தது. பூமி சூடாவதைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தும், அந்தத் தொட்டியின் அருகே நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அன்று திரும்பும் வழியில், ஈஸ்ட் போடாமல் புளிக்கவிடும் பழக்கம் உங்கள் ஊரில் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பாத்திரம் இட்லி மாவு கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் மாவு இந்தக் குளிரில் பொங்காது. ரொட்டி சுடும் ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால்தான் காலையில் எழும்பி நிற்கும். லாம்பிக்குக்குக் குளிர் வேண்டும், மாவுக்குச் சூடு வேண்டும். ஆனால் புளிப்பைத் தருவது இரண்டிலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக் கூட்டம்தான். மாவில் லுக்கனோஸ்டாக், லாம்பிக்கில் பீடியோகாக்கஸ். பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் ஆறு பேரும் தலையைக் குனிந்து முகர்ந்தார்கள். "இது இளம் லாம்பிக்" என்றார் ஆசிரியர், அவ்வளவு உறுதியாக.

அப்போது அண்ணன் கள்ளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பனையிலிருந்து சொட்டும்போதே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு ஒன்றுதான் வித்தியாசம். அந்த ஒரு கை சுண்ணாம்பை அவர்கள் வியந்த வியப்பு எனக்கு மறக்காது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது என்றதும் அடுக்களையே அமைதியாகிவிட்டது. இந்த நாட்டின் பீர் பண்பாட்டை 2016-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் பனையேறிகளின் கைப்பக்குவமும் அதற்குக் குறைந்ததில்லை என்று அன்றைக்கு அங்கே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

கூடிக் குடிப்பவர்கள் இங்கே வெறும் வாடிக்கையாளர்கள் இல்லை. பேர்செல் ஊரில் ட்ரீ ஃபோன்டேனன் என்ற கூஸ் கூடம் இருக்கிறது. 2009 மே மாதம் அங்கே சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, கிடங்கு கொதித்து, ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தும் கெட்டும் போயின. அதை நடத்திய ஆர்மான் டெபெல்டர் மிஞ்சியதை வாலையிட்டு வடித்து ஒரு சாராயமாக்கி விற்றார். சில வருடங்கள் சொந்தமாகக் காய்ச்ச முடியாமல், மற்றவர்கள் காய்ச்சியதை வாங்கிக் கலந்தே பிழைப்பு நடந்தது. பிறகு மறுபடி அடுப்பு மூட்டினார். 2022-ல் அவர் காலமான மாதம் எங்கள் கூட்டத்தில் வேறு எந்தப் பாட்டிலும் திறக்கவில்லை. அவர் கலந்தது மட்டும்தான்.

துறவி மடங்களின் பீரைப் பற்றி நிறையக் கேள்விப்படுவீர்கள். அவற்றில் வெஸ்ட்ஃப்ளேட்டரன் 12 உலகிலேயே சிறந்தது என்று பெயர் வாங்கியது. 10.2 சதவீத ஆல்கஹால், நெடுங்காலம் பாட்டிலில் லேபிளே இருந்ததில்லை, மஞ்சள் மூடிதான் அடையாளம். முன்பதிவு செய்து, கார் எண் கொடுத்து, மடத்து வாசலில் போய் எடுத்துவருவதுதான் நெடுநாள் வழக்கம். வாங்கியதை மறுபடி விற்கக் கூடாது என்பது துறவிகளின் நிபந்தனை. அப்படியும் சுற்றுலாக் கடைகளில் பல மடங்கு விலைக்கு அது நிற்கிறது. முதல் வருடம் அப்படி ஒரு கடையில் நானும் வாங்கினேன். கூட்டத்துக்குக் கொண்டுபோனபோது ஆசிரியர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அடுத்த மாதம் தன் காரில் மடத்துக்கே கூட்டிப்போனார். எதிரே 'இன் டெ ஃப்ரேட' என்ற உணவகத்தில் அதே பீரை நியாயமான விலைக்குக் கோப்பையில் தருகிறார்கள். தயவுசெய்து கடைகளில் வாங்காதீர்கள். என் நாக்குக்கு இன்னொரு மடத்தின் ரோஷ்ஃபோர் 10 ஒரு படி மேலே, 11.3 சதவீதம். அதைக் குடித்துவிட்டு அண்ணன் எழுதிய சீட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது: கருப்பட்டி.

இனி, எங்கே தொடங்கலாம் என்பதற்கு வருகிறேன். முதல் நாளே கூஸ் வேண்டாம், புளிப்பு திடுக்கிட வைக்கும். ஹூகார்டன் என்ற கோதுமை பீரில் ஆரம்பியுங்கள். அதில் நம் கொத்தமல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். அழிந்துபோன அந்த வகையை 1960-களில் மீட்டெடுத்தவர் பியேர் செலிஸ் என்ற பால்காரர். இன்று அது பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தாலும் மல்லி வாசத்தைக் கண்டுபிடிக்க நல்ல பயிற்சி. அடுத்து ஓர்வால் என்ற மடத்து பீர், 6.2 சதவீதம். புதுசு ஒன்று, ஒரு வருடம் பழசு ஒன்று என இரண்டு பாட்டில் கிடைத்தால் அடுத்தடுத்து ருசியுங்கள். ஒரே பீர் பாட்டிலுக்குள் எப்படி வளர்கிறது என்று புரியும். அதற்குப் பிறகு கிரீக், புளிச் செர்ரி ஊறப்போட்ட லாம்பிக். கடைசியில் கூஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் ஐஸரிங்கன் கிராமத்துக்குப் பேருந்து பிடியுங்கள். தேவாலயத்துக்கு எதிரே ஒரு பழைய மதுக்கடை. பெயர் 'பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு'. முன்பு ஒரு மூதாட்டி நடத்திய கடை. மூடிப்போய்விடக் கூடாது என்று இரண்டு சகோதரர்கள் எடுத்து, நாற்காலி மேசையைக்கூட மாற்றாமல் நடத்துகிறார்கள். ஒரு பெரிய பாட்டில் கேட்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் ஊற்றுங்கள். அவர் மறுக்க மாட்டார்; என்ன வாசம் என்று அவரையே கேளுங்கள்.

சில நடைமுறைகள். ஊர் பீரை ஒரே மூச்சில் குடிக்கிற பழக்கத்தில் இவற்றைக் குடிக்கக் கூடாது. பல வகைகளில் ஆல்கஹால் அதிகம். அதனால்தான் ஒரு பாட்டிலை ஆறு பேர் பங்கிடுகிறோம், எல்லோரும் ரயிலில் அல்லது நடந்துதான் வீடு போகிறோம். அடியில் நிற்கும் மண்டியைக் கலக்காமல் ஊற்றிப் பழகுங்கள். மிகவும் குளிர்ந்திருந்தால் உள்ளங்கையால் கோப்பையைப் பிடித்துப் பத்து நிமிடம் பொறுங்கள், வாசம் அப்போதுதான் வெளியே வரும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கே இருந்தால் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். ஆசிரியரின் நோட்டில் விளாம்பழத்துக்குப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பழத்தை இங்கே சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதனால் அதை உங்களிடம் கேட்க முடியாது. உடன்குடிக் கருப்பட்டி அரைக்கிலோ வாங்கி வாருங்கள், அது போதும். பாட்டில் நீங்கள் கொண்டுவர வேண்டாம். ரோஷ்ஃபோர் 10 நான் எடுத்து வைக்கிறேன். அண்ணன் எழுதிய அந்தச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஆசிரியர் கையில் கருப்பட்டியை உடைத்துக் கொடுக்க வேண்டும்.